துவக்குச் சட்டமும் மலைநாட்டு மக்களும்

நவராத்திரியின் நிறைவிலே நம் தோட்டங்களில் ஆயுத பூசை நடைபெறுவதை அறியாதார் இலர். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, முள்ளு முதலாகத் தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய இயந்திரம் ஈறாக யாவும் திருநீறும் சந்தனமும் பூண்டு நிற்கும். உழைக்கும் கருவிக்கும் போர்க் கருவிக்கும் ஆயுதம் என்ற ஒரே சொல்லை வழங்கியவர் நம் முன்னோர். அரசாங்கத்தின் சட்டப் புத்தகத்துக்கு அந்த ஒரு சொல் போதாது. எது தொழிற்கருவி, எது படைக்கலம், அதனை எவர் வைத்திருக்கலாம், எவருடைய கையெழுத்தின்பேரில் வைத்திருக்கலாம் என்று அது வகுத்தே தீரவேண்டும்.

அந்த வகுப்பைக் கூர்ந்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. துவக்குச் சட்டத்தின் கதை, ஆட்சியாளர் எவரை நம்பினர், எவரைக் கண்டு அஞ்சினர், எவரைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பதன் கதையாகும். மலைநாட்டிலே அக்கதை நம் லயங்களின் வாசல் வரை வந்திருக்கிறது. நம்மவரிற் பலர் சட்டத்தின் பெயரைக்கூடக் கேட்டறியாதவர். எனினும் சட்டத்தின் பெயரால் நீட்டப்பட்ட துவக்கின் முன்னே நின்றவர். ஆகவே இம்மலரை வாசிக்கும் இளைஞரும் பெரியோரும் இவ்வரலாற்றை ஒருமுறை ஒழுங்காக அறிந்து வைத்தல் நலம்.

கண்டி மலையில் இருந்த துவக்குகள்

துப்பாக்கி, துவக்கு ஆகிய இரு சொற்களும் துருக்கிய மொழியிலிருந்து நம் மொழிக்கு வந்தவை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் துவக்கு என்பதே மக்கள் வழக்கு. அரசாங்கத்தின் தமிழில் அது சுடுபடைக்கலம் எனப்படும்.

பொருள் வெளியிலிருந்து வந்ததாயினும் இத்தீவின் கம்மியர் அதனை விரைவிலே தமதாக்கிக் கொண்டனர். கண்டி இராச்சியத்தின் கொல்லர்கள் செய்த துவக்குகளின் நேர்த்தியைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே வியந்து எழுதினர். மலையும் காடும் கணவாயும் நிறைந்த நாட்டிலே, துவக்கேந்திய குடியானவனே கண்டி மன்னனின் அரணாக விளங்கினான்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1817இல் ஊவாவில் மூண்ட பெருங்கிளர்ச்சியை ஆங்கிலேயர் 1818 இறுதியிலேதான் அடக்க முடிந்தது. கெப்பெட்டிப்பொல திசாவை 1818 நவெம்பர் 26ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். கிளர்ச்சியை அடக்கிய கையோடு ஆங்கிலேயர் செய்த முக்கியமான காரியம், மலைநாட்டுக் குடிமக்களிடம் இருந்த துவக்குகளைப் பறித்ததாகும். வென்ற நாட்டை வைத்திருக்க வேண்டுமாயின் அந்நாட்டு மக்களின் கையில் ஆயுதம் இருத்தலாகாது என்பது அவர்கள் கண்ட நீதி.

இந்தப் பாடத்தை அவர்கள் இங்கே புதிதாகப் படித்தவர் அல்லர். தமிழ்நாட்டிலே பாளையக்காரர் போர்கள் முடிவுற்றபோது, 1801 டிசெம்பர் 1ஆம் திகதி சென்னைக் கவர்னர் எட்வேட் கிளைவ் ஒரு பிரகடனம் செய்தார். பாளையக்காரரின் கோட்டைகள் இடிக்கப்படும்; படைக்கலம் தாங்குதல் ஒழிக்கப்படும் என்பதே அதன் சாரம். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிப் பக்கத்து மண்ணெல்லாம் அதற்குட்பட்டது. அப்பிரகடனத்துக்குப் பின் ஒரு தலைமுறை கழிவதற்குள் அதே தமிழ் மாவட்டங்களிலிருந்துதான் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்டது. நம் முன்னோர் கப்பலேறு முன்பே ஆயுதம் களையப்பட்ட நாட்டின் மக்கள். வந்து சேர்ந்ததும் ஆயுதம் களையப்பட்ட மற்றொரு நாட்டிலே.

இரண்டரைச் சிலிங் வரி

துவக்கைப் பறித்த அரசாங்கம் பின்னர் அதற்கு வரி விதிக்கத் தொடங்கியது. 1840களின் இறுதியிலே கோப்பியின் விலை வீழ்ச்சியுற்று அரசாங்கத்தின் பெட்டி வெறுமையாகியது. அதனை நிரப்பும் பொருட்டுத் தேசாதிபதி டொறிங்டன் பிரபு 1848இல் ஒரே வேளையிற் பல வரிகளைக் கொண்டு வந்தார். கடைக்கு வரி, வண்டிக்கு வரி, படகுக்கு வரி, நாய்க்கு வரி. வீதியமைக்க ஆண்டில் ஆறு நாள் உழைப்பு அல்லது அதற்கு ஈடான பணம். அவற்றோடு, துவக்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டரைச் சிலிங்.

கிராமத்தவன் ஒருவன் துவக்கை எதற்காக வைத்திருந்தான்? சேனையிலும் வயலிலும் விழும் காட்டுப் பன்றியை விரட்டவே. கையிற் காசு புழங்காத அக்காலத்தில் இரண்டரைச் சிலிங் தேடுவதும், அதற்கென நெடுந்தூரம் நடந்து கச்சேரிக்குச் செல்வதும் அவனுக்குப் பெருந்தொல்லையாயின. அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் இருந்தது. இன்று பெயரை எழுதிக்கொண்டு வரி கேட்பவர் நாளை துவக்கையே கேட்பார் என்ற அச்சம் அது. முப்பது ஆண்டுக்கு முந்திய பறிமுதலை மறவாத மக்களுக்கு அவ்வச்சம் இயல்பே.

1848 யூலை 6ஆம் திகதி கண்டிக் கச்சேரியின் முன்னே மக்கள் திரண்டு முறையிட்டனர். அம்மாதம் 26ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். 28ஆம் திகதி மாத்தளை தாக்கப்பட்டது. மறுநாள் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டான். அதே மாதம் 26ஆம் திகதி கடஹப்பொல என்ற பௌத்த பிக்கு, காவி உடையுடனேயே சுடப்பட்டார். அச்செய்தி இங்கிலாந்தின் பாராளுமன்றம் வரை எட்டியது, விசாரணை நடந்தது, டொறிங்டன் 1850இல் பதவி நீங்கிச் செல்ல நேர்ந்தது. புதிய வரிகளிற் பெரும்பாலானவை கைவிடப்பட்டன.

இக்கிளர்ச்சிக்குத் துவக்கு வரி ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. ஆயினும் துவக்கைப் பற்றிய சட்டம் ஒன்று குடியானவனின் அன்றாட வாழ்வைத் தொடும்போது அது எத்துணை ஆழமாகச் சுடும் என்பதற்கு 1848 ஓர் அழியாச் சான்று.

வேட்டைத் துரைமார்

குடியானவனின் பழைய துவக்குக்கு வரி விதிக்கப்பட்ட அதே காலத்திலே, அதே மலையிலே, வேறொரு வகையினரின் துவக்கு தங்குதடையின்றி முழங்கிக் கொண்டிருந்தது.

நுவரெலியாவில் கோல்ப் மைதானத்தை அடுத்த பழைய இடுகாட்டிலே மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பாரின் கல்லறை உண்டு. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த இவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப்படுகிறார். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவருடைய கல்லறையிலும் பின்னர் இடி விழுந்தது என்று முதியோர் சொல்லும் கதையை நம் இளைஞரும் கேட்டிருப்பர். யானையைக் கொல்வோர்க்கு அரசாங்கமே சன்மானம் வழங்கிய காலம் அது. ஒருவன் துவக்குக்கு வரி; மற்றவன் துவக்குக்கு வெகுமதி.

1848இல் நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கரும் ஹோட்டன் சமவெளியின் மரைகளை நாய் கொண்டு துரத்தி வேட்டையாடியவர். அதனைப் பெரும் புகழாகக் கருதி நூலும் எழுதினார். வேட்டை, துரைமாரின் பொழுதுபோக்காயிற்று. அழிவின் அளவு கண்டு அஞ்சிய பின்னரே வனவிலங்குக் காப்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றுள் முதன்மையானது, திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ள 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களை அடுத்த சிவனொளிபாத மலைக் காடு 1940இல் சரணாலயமாயிற்று. றொஜர்ஸும் பேக்கரும் உலாவிய மலைகளிலே இன்று ஒரு மரையைச் சுடுவதும் குற்றம். அந்த மாற்றம் நல்லதே.

1900ஆம் ஆண்டிலே துரைமாரின் துவக்கு, படையாகவே ஒழுங்கு செய்யப்பட்டது. இலங்கைத் தோட்டக்காரர் றைபிள் படை என்ற தொண்டர் படை கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அவ்வாண்டு தோன்றியது. தேயிலை, றப்பர்த் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமாரே அதன் வீரர். போயர் யுத்தத்துக்கும் முதலாம் உலக யுத்தத்துக்கும் அங்கிருந்து ஆட்கள் சென்றனர். 1949இல் அது கலைக்கப்பட்டது. அதுவரை, காலையிற் பிரட்டுக்களத்திலே பேர் கூப்பிடும் துரையே மாலையில் சீருடை தரித்துத் துவக்கேந்திப் பயிற்சி செய்யும் காட்சியை நம் பாட்டன்மார் கண்டனர். தோட்டத்தில் எசமானின் அதிகாரமும் அரசின் ஆயுதமும் ஒரே ஆளிடம் கூடியிருந்தன என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

1915உம் 1916உம்

1915 மே மாத இறுதியிலே கண்டியில் மூண்ட சிங்கள, முஸ்லிம் கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவியது. யூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டு ஓகஸ்ட் இறுதிவரை நீடித்தது. துருப்புகளோடு ஐரோப்பியத் தொண்டர்களும் வீதியில் இறங்கினர். விசாரணையின்றியே சிலர் சுடப்பட்டனர். தொண்டர் படையில் அதிகாரியாயிருந்த இளைஞர் ஹென்றி பேதிரிஸ் யூலை 7ஆம் திகதி இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார். இக்கொடுமைகளைச் சட்டசபையிலே அஞ்சாது எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் 1916இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். துவக்கு சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், சட்டம் துவக்குக்குக் கட்டுப்படலாகாது என்ற நீதியை ஒரு சைவத் தமிழ்ப் பெரியார் சிங்கள மக்களுக்காக நின்று வாதாடிய அந்நிகழ்ச்சி, நம் இளைஞர் எந்நாளும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே 1916ஆம் ஆண்டில்தான் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பல முறை திருத்தப்பட்டும் இன்றுவரை இலங்கையின் துவக்குச் சட்டத்துக்கு அடித்தளம் அதுவே. இங்கிலாந்திலே பொலிஸ் அத்தாட்சியின்றித் துவக்கு வைத்திருக்கலாகாது என்ற விரிவான சட்டம் 1920இல்தான் வந்தது. அதாவது தன் நாட்டுக் குடிமகனுக்கு இடுமுன்னரே குடியேற்ற நாட்டுக் குடிமகனுக்கு இப்பூட்டை இட்டது பிரித்தானியம். இந்தியாவில் அது இன்னும் முந்தியது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியருக்கு அனுமதிப் பத்திரத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. காங்கிரஸ் மகாசபை அதனை நெடுங்காலம் கண்டித்தது. 1931இல் கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலே, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. சுதந்திர இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றி இனப் பாகுபாட்டை நீக்கியது. ஆனால் அனுமதிப் பத்திரத்தை நீக்கவில்லை. அமெரிக்காவிலோ ஆயுதம் வைத்திருத்தல் 1791 முதல் அரசியலமைப்பு உரிமையாக உள்ளது. நம் நாட்டில் அது உரிமை அன்று. அரசு தரும் அனுமதி.

சட்டம் எதனை ஆயுதம் என்கிறது?

சுடுபடைக்கலச் சட்டத்தின் அமைப்பை எளிமையாகச் சொல்லலாம். துவக்கு ஒன்றைச் செய்வதும், பழுது பார்ப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், வைத்திருப்பதும் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். அனுமதிப் பத்திரம் ஆளுக்கும் குறிப்பிட்ட துவக்குக்கும் உரியது. அண்ணனின் பத்திரத்தைக் காட்டித் தம்பி துவக்கைத் தூக்கலாகாது. ஆண்டு முடிவில், டிசெம்பர் 31ஆம் திகதியோடு அது காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கான சாதாரண வேட்டைத் துவக்குக்கு முன்னாளில் அரசாங்க அதிபரும் இந்நாளில் மாவட்டச் செயலாளரும் அனுமதி அளிப்பர். பிறவகைத் துவக்குகள் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு.

வெடிமருந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் அதன் உற்பத்தி, போக்குவரத்து, சேமிப்பு யாவற்றையும் ஆளுகிறது. கல்லுடைக்கும் இடத்தில் மிஞ்சிய மருந்தை வீட்டுக்குக் கொண்டு வருவதும் இதன்படி குற்றமே. கைக்குண்டு போன்றவற்றையும், அவற்றைப் போலப் பயன்படும் கலன்களையும் 1966ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கத் தாக்குதல் ஆயுதச் சட்டம் தடுக்கிறது. உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்தில், 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், தானியங்கித் துவக்கு வைத்திருத்தல் முதலிய குற்றங்களுக்குத் தண்டனையை மிகக் கடுமையாக்கியது. ஆயுட்காலச் சிறையும் அவற்றுள் ஒன்று.

இனி, நம் கைகளில் தினமும் இருக்கும் கத்தியின் நிலை யாது? கவ்வாத்துக் கத்திக்கு அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. ஆனால் 1883இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை வேறொரு வழியில் அதனைப் பிடித்துக் கொள்கிறது. சுடுவதற்கோ குத்துவதற்கோ வெட்டுவதற்கோ உரிய கருவியாலும், தாக்குதலுக்குப் பயன்படுத்தினால் மரணம் விளையக்கூடிய எக்கருவியாலும் ஒருவரைக் காயப்படுத்தினால், வெறுங்கையாற் காயப்படுத்துவதை விட அது பெரிய குற்றம் என அக்கோவையின் 315ஆம், 317ஆம் பிரிவுகள் விதிக்கின்றன. தேயிலை மலையிலே கருவியாக இருந்த கத்தி, லயத்துச் சண்டையிலே ஓங்கப்பட்ட கணத்தில் சட்டத்தின் கண்ணில் படைக்கலமாகி விடுகிறது. இரும்பு மாறவில்லை, பிடித்தவன் எண்ணமே மாறியது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சட்டவிரோத நோக்கோடு கூடினால் அது ஒரு குற்றம். அக்கூட்டத்தில் கொலைக்கருவியோடு நிற்றல் அதைவிடப் பெரிய குற்றம். திருவிழாக் காலத்திலும் தேர்தற் காலத்திலும் வாய்ச்சண்டை முற்றும்போது இவ்விதி அறியாத இளைஞர் எத்தனை பேர் ஆண்டுக் கணக்கில் நீதிமன்றப் படியேறுகின்றனர் என்பதைப் பெரியோர் அறிவர்.

துவக்கின் முன்னே நின்றவர்

அனுமதிப் பத்திரம் பெறுவதற்குத் துவக்கு ஏன் தேவை என்று காரணம் காட்ட வேண்டும். வயலும் தோட்டமும் உடையவன் பயிரைக் காட்டுவான். செல்வன் சொத்தைக் காட்டுவான். பத்தடி லயக் காம்பராவில் வாழ்ந்தவன் எதனைக் காட்டுவான்? அவன் காத்த தேயிலை அவனுடையது அன்று. அவன் வாழ்ந்த கூரையும் அவனுடையது அன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தோடு நாட்டிலே உரிமையும் அற்றவனானான். ஆகவே துவக்குப் பதிவேட்டிலே நம் மக்களின் பெயரைத் தேடுவது வீண். அவர்கள் பெயர் பதிந்த இடம் வேறு.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் முதன்முதலாகத் தேயிலையை வணிகப் பயிராக நட்ட லூல்கந்துரைத் தோட்டம் ஹேவாஹெட்டைப் பகுதியிலே உள்ளது. அதே ஹேவாஹெட்டையில் உள்ள முல்லோயாத் தோட்டத்தில் 1940 யனவரியிலே தொழிலாளர் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அம்மாதம் 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் துறந்தார். தோட்டத் தொழிற்சங்க வரலாற்றிலே அவர் முதல் தியாகியாகப் போற்றப்படுகிறார். அச்சம்பவத்தின் அலை கொழும்பு வரை சென்றது. விசாரணைக் குழு அமைந்தது; வழக்குகளை நடத்தும் முறை பற்றி அமைச்சர்களுக்கும் தேசாதிபதிக்கும் இடையே மூண்ட தகராறு, 1940 பெப்ரவரியில் அமைச்சர்கள் பதவி துறக்கும் அளவுக்கு முற்றியது. ஒரு தோட்டத் தொழிலாளியின் மார்பிற் பாய்ந்த குண்டு ஒரு மந்திரிசபையையே ஆட்டியது.

1956இல் டயகமத் தோட்டத்திலே ஏப்ரகாம் சிங்கோ என்ற தொழிலாளி சுடப்பட்டு மாண்டார். பெயரே சொல்லும், அவர் சிங்களவர் என்று. நம் தொழிலாளரின் போராட்டத்திலே அவர் சிந்திய இரத்தத்துக்கு இனம் கற்பிக்க முடியாது. 1977இல் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணிகள் 7,000 ஏக்கரைப் பிரித்தெடுக்கும் முயற்சிக்கு எதிராகத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு மே 11ஆம் திகதி, தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்திலே பொலிஸ் துவக்குச் சூட்டுக்கு இளைஞர் சிவனு லெட்சுமணன் பலியானார். அவர் பெயரைச் சொல்லும்போது இன்றும் அப்பகுதி முதியோரின் குரல் தழுதழுக்கும்.

பொலிஸாரின் துவக்கையும் ஆள்வதற்குச் சட்டம் உண்டு. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவையிலும், அதன் இடத்தில் வந்த 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்திலும், சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளது. முதலிற் கலைந்து செல்லுமாறு கட்டளையிடல் வேண்டும். கலையாவிடிற் பலம் பிரயோகிக்கலாம். அப்பலம் தேவைக்கு மேற்படலாகாது. குடிமகனின் துவக்குக்குப் பத்திரம் கேட்கும் அரசு, தன் துவக்குக்கும் இவ்வாறு ஓர் எல்லை வரைந்துள்ளது. முல்லோயாவிலும் டயகமவிலும் டெவனிலும் எழுந்த கேள்வி, அவ்வெல்லை ஏழைத் தொழிலாளியின் முன்னே மதிக்கப்பட்டதா என்பதே. அக்கேள்வியைக் கேட்பது குற்றமன்று, கடமை.

1983 யூலையில் நுவரெலியா நகரின் கடைகள் எரிந்தபோது கும்பல்களின் கையில் இருந்தது பெரும்பாலும் துவக்கன்று, தீயும் தடியும். எத்துணைக் கடுமையான ஆயுதச் சட்டமும், அதனை நடத்துவோர் பார்த்துக்கொண்டு நின்றால் எவரையும் காவாது என்பதை அந்நாள்கள் காட்டின.

கட்டுத்துவக்கு என்னும் எமன்

இதுவரை கூறியவை பெரும்பாலும் பிறர் கைத்துவக்கைப் பற்றியன. இனி நம்மிடையே மறைவாக இருக்கும் ஒன்றைச் சொல்லாது விட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது.

தோட்ட ஓரங்களிலே மரக்கறியும் உருளைக்கிழங்கும் பயிரிடும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. காட்டுப் பன்றி ஓர் இரவிலே ஒரு போகத்தை அழித்துவிடும். பத்திரம் பெற்ற துவக்கு வாங்க வசதியற்றவர் சிலர் கட்டுத்துவக்கு வைக்கின்றனர். இரும்புக் குழாய் ஒன்றிலே மருந்தும் உலோகத் துண்டுகளும் அடைத்து, பன்றி வரும் தடத்தின் குறுக்கே நூல் கட்டிவிடுவர். நூலை இழுப்பது பன்றியா மனிதனா என்று அக்குழாய் அறியாது. விடியற்காலையில் விறகுக்குப் போனவரும், மாட்டைத் தேடிப் போன சிறுவரும், மலைக்கு வேலைக்குப் போனவரும் அதில் அகப்பட்டுக் கால் இழந்திருக்கின்றனர், உயிரிழந்தும் இருக்கின்றனர். காயம் பெரும்பாலும் முழங்காலை ஒட்டியே படும். ஏனெனில் நூல் பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுகிறது.

சட்டத்தின் பார்வையில் அந்த இரும்புக் குழாயும் துவக்கே. அதைச் செய்தவரும் வைத்திருந்தவரும் சுடுபடைக்கலச் சட்டத்துக்கு உட்படுவர். உள்ளே இருக்கும் மருந்து வெடிபொருள் சட்டத்தைச் சாரும். அதனால் ஒருவர் இறந்தால் தண்டனைச் சட்டக்கோவை வரும். பன்றிக்குத்தான் வைத்தேன் என்ற சொல் தண்டனையைச் சிறிது குறைக்கலாம், குற்றத்தைப் போக்காது. கம்பிச் சுருக்கும் இத்தகையதே. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், லக்சபானைத் தோட்டத்தை அண்டிக் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சில நாளிலே இறந்தது. நாடெங்கும் அச்செய்தி பரவியபோது தோட்டத்து மக்கள் எல்லோரும் பழி சுமந்தனர்.

பயிர் அழிவது சிறிய துன்பமன்று. அதற்கு வழி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கும் விவசாயத் திணைக்களத்துக்கும் வனவிலங்குத் திணைக்களத்துக்கும் மனுச் செய்யலாம். பயிர் செய்வோர் கூட்டாக வேலியமைக்கலாம். தகுதியுடையவர் முறைப்படி அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். இவை மெதுவான வழிகள். ஆயினும் அயலவரின் பிள்ளையைக் கொல்லாத வழிகள்.

இளைஞர் செய்யத்தக்கவை

இந்நாட்டிலே துவக்கு ஏந்திய எழுச்சிகள் பெற்ற முடிவை நாம் கண்டிருக்கிறோம். 1971 ஏப்ரலிலே தெற்கின் இளைஞர் வீடு வீடாகச் சென்று துவக்குகளைக் கைப்பற்றிக் கிளர்ந்தனர். ஆயிரக் கணக்கானோர் மாண்டனர். வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை நீண்ட யுத்தத்தின் துயரம் சொல்லி முடியாதது. அந்த ஆண்டுகளிலே, துவக்கைத் தொட்டும் அறியாத மலைநாட்டு இளைஞர் பலர் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்ச் சந்தேகத்தின்பேரிற் பிடிபட்டு வாடினர். 2024 நவெம்பரிலே, தற்காப்புக்கெனக் குடிமக்களுக்கு வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. வசதி படைத்தவரின் துவக்கும் அரசு தந்த அனுமதியாலேயே நிற்கிறது என்பதை இது நினைவூட்டியது.

இன்று நம் நிலை 1940இன் நிலை அன்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என ஏற்றது. ஆகவே குடிமகனாக நிமிர்ந்து நின்று, தமிழிலே கேட்கும் தகுதி நமக்கு உண்டு. அத்தகுதியைப் பயன்படுத்தச் சட்ட அறிவு வேண்டும்.

ஒவ்வொரு தோட்டத்து இளைஞர் மன்றமும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சட்டத்தரணி ஒருவரை அழைத்து இச்சட்டங்களை விளக்கச் செய்தல் வேண்டும். பொலிஸ் நிலையத்திலே வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால், வாசித்து விளங்காத தாளிற் கையொப்பமிடாது தமிழில் எழுதித் தருமாறு கேட்கும் துணிவை இளைஞர்க்கு ஊட்டல் வேண்டும். காட்டோரத்திலே குழாயோ குண்டோ கண்டால் கையால் தொடாது உரியவர்க்கு அறிவித்தல் வேண்டும். மலையோரத்தில் கட்டுத்துவக்கு வைப்பவர் எவரென்று தெரிந்தும் உறவு முறைக்காக வாய் மூடியிருக்கும் வழக்கத்தைப் பெரியோர் கைவிடல் வேண்டும். முதலில் அவரை அழைத்து அன்போடு எடுத்துரைப்பது அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு யனவரி 10ஆம் திகதியும் மே 11ஆம் திகதியும் கோவிந்தனையும் லெட்சுமணனையும் நினைந்து ஒரு விளக்கேற்றல் வேண்டும். அந்த விளக்கின்முன் ஏப்ரகாம் சிங்கோவின் பெயரும் சொல்லப்படல் வேண்டும்.

துவக்கைத் தாங்கியவர்கள் எழுதிய வரலாற்றிலே துவக்கின் முன்னே நின்றவர்களின் பெயர்கள் சில வரிகளோடு முடிந்துவிடுகின்றன. அவ்வரிகளை விரித்து எழுதும் பணி, படித்த நம் பிள்ளைகளுக்கு உரியது. முல்லோயாவிலும் டெவனிலும் அந்நாளைக் கண்டவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று, கேட்டு, எழுதி, அடுத்த ஆண்டின் மலருக்கு அனுப்புங்கள்.

வாழ்க இளைஞர் குலம்! வளர்க மலைநாடு!